‘நேவிக்காரனுக்கு நடக்கப் படிப்பிக்கிறியளோ?’ – வாசகர் கேள்வி பதில்

போன இதழில ஹார்ட் அட்டாக் வந்த ஆக்களுக்குக் குடுக்கிற ‘கார்டியாக் ரிஹாப்’ எண்ட பயிற்சியைப் பற்றி நாலு வரிதான் எழுதினனான், இந்த மாசம் வந்த கடிதத்தில பாதி அதைப் பற்றியே இருக்கு. அதிலயும் யூனிபோம் போட்டிருந்த ஆக்களிட வீட்டில இருந்துதான் கூட வந்திருக்கு. திருகோணமலை துறைமுக ஊர், டொக்யார்டில நேவி, சைனா பேயில எயார்போர்ஸ் எண்டு எங்கட ஆக்கள் ஏதோ ஒரு காலத்தில ஏதோ ஒரு உடுப்புப் போட்டுத்தான் இருந்திருக்கினம், அதால எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. நாலு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறன், மற்றது அடுத்த மாசம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. எங்கட வாப்பாக்கு 66 வயசு, நேவில 22 வருசம் இருந்து பென்சன் எடுத்தவர். நோன்புக்கு முந்தி ஹார்ட் அட்டாக் வந்து கொழும்பில ரெண்டு ஸ்டென்ட் வச்சது. துண்டு வெட்டக்குள்ள கார்டியாக் ரிஹாப் எண்டு ஒண்டுக்குப் போகச் சொல்லி எழுதித் தந்தாங்க. வாப்பா மாட்டவே மாட்டனாம். “நான் பரேட்டில நிண்டவன், நேத்து வந்த பொடியன் எனக்கு நடக்கப் படிப்பிக்கிறதா”ண்டு கேக்கிறார். ஆனா கதிரைய விட்டு எழும்புறதே இல்ல, கடைத்தெருவுக்குக்கூட போறல்ல. ராவைக்கு நெஞ்சில கைய வச்சிட்டேதான் படுக்கிறார். ஸ்டென்ட் வச்சாப் பிறகும் இந்தப் பயிற்சி தேவையா, தேவையெண்டா இவரை எப்பிடிக் கூட்டிப் போறது? – மகள், கிண்ணியா

பதில்: வஅலைக்கும் ஸலாம் மகள். நீங்க ஒரு வரியில எழுதிப்போட்டுக் கடந்து போயிட்டீங்க, நெஞ்சில கைய வச்சுக்கொண்டு படுக்கிறார் எண்டு. எனக்கு அந்தக் கைதான் முழுக் கதையையும் சொல்லுது. நான் வார்டில நிண்ட காலத்தில இப்பிடிக் கை வச்சுக்கொண்டு படுத்த எத்தினையோ பேரைப் பாத்திருக்கிறன், பகல்ல ஆகப் பெரிய சத்தம் போடுறவையும் அவைதான். பொடியனிட்ட நடக்கப் பழகுறதில வாப்பாக்கு வெட்கம் இருக்கலாம், ஆனா அதுக்குக் கீழ பயம் இருக்கு. நடந்தா இன்னொருக்கா வந்திடும் எண்ட பயம். 22 வருசம் பயமில்லாதவன் எண்டு பேர் எடுத்த மனிசன் அதை மகளிட்ட எப்பிடிச் சொல்லுறது? அதால பொடியனைக் குறை சொல்லுறார்.

முதல்ல ஸ்டென்ட் விசயம். ஸ்டென்ட் எண்டது அடைச்ச குழாயில அந்த ஒரு இடத்தை விரிச்சு வச்சிருக்கிற சின்னக் கம்பி வலை. அந்த இடம் சரி. ஆனா கொழுப்புப் படியிறது ஒரு இடத்தில மட்டும் இல்லை, மற்றக் குழாய்களிலயும் கொஞ்சம் கொஞ்சமாப் படிஞ்சு கொண்டுதான் இருக்கும், பிரஷர், சுகர், சிகரெட், கொலஸ்ட்ரோல் எல்லாம் முந்தி இருந்த மாதிரியே இருந்தா ஸ்டென்ட் என்ன செய்யும்? வீட்டில ஒரு இடத்தில ஓடு மாத்தினா கூரை முழுக்கப் புதுசாகிடுமோ? அதுக்குத்தான் இந்தப் பயிற்சித் திட்டம். வெறும் நடை இல்லை இது, மருந்து ஒழுங்காப் போடுறது, சாப்பாடு, சிகரெட்டை விடுறது, மனசு, எல்லாம் சேர்ந்தது. பயிற்சியோட சேர்ந்த இந்தத் திட்டத்துக்குப் போன ஆக்களையும் போகாத ஆக்களையும் வச்சு உலகம் முழுக்க எத்தினையோ ஆய்வு செய்திருக்கினம், போன ஆக்கள் திரும்ப ஆஸ்பத்திரியில படுக்கிறதும் குறைவு, இதய வருத்தத்தால சாகிறதும் குறைவு.

அங்க என்ன நடக்குது எண்டு வாப்பாக்குத் தெரியாது, அதால அவர் மனசில ஏதோ பெரிய மைதானமும் விசிலும் ஓடுது போல. உண்மையில அது ஒரு சாதாரண அறை. போன உடன பிரஷர் பாப்பினம், நாடி பாப்பினம், நெஞ்சில ஈசிஜி வயரை ஒட்டுவினம். முதல் நாள் பெரும்பாலும் ஆறு நிமிச நடை. ஒரு நீளமான ஓடையில (கொரிடோரில) ரெண்டு கோன் வச்சு, அதுக்கு நடுவில ஆறு நிமிசம் உங்களுக்கு ஏலுமான வேகத்தில போய்வரச் சொல்லுவினம், களைச்சா நிண்டு இளைப்பாறலாம், எத்தினை மீற்றர் எண்டு குறிப்பினம், அவ்வளவுதான். பிறகு சைக்கிள் அல்லது ட்ரெட்மில், முதல்ல மெதுவா, நடுவில கொஞ்சம் கூட்டி, கடைசியில திருப்பிக் குறைச்சு. சட்டெண்டு நிப்பாட்டினா பிரஷர் விழுந்து தலை சுத்தும், அதுக்குத்தான் குறைச்சு முடிக்கிறது. இடையில இடையில ‘எவ்வளவு கஷ்டமா இருக்கு’ எண்டு 6இல இருந்து 20 வரைக்கும் ஒரு இலக்கம் சொல்லச் சொல்லுவினம். 6 எண்டா சும்மா இருக்கிற மாதிரி, 20 எண்டா இனி ஏலவே ஏலாது. ஆரம்பத்தில 11, 12, 13, அதுக்கு மேல விட மாட்டினம். நேவில ஏலாது எண்டு சொன்னாத் தண்டனை, இங்க ஏலாது எண்டு சொல்லுறதைத்தான் குறிச்சு வைப்பினம், இதை வாப்பாக்குச் சொல்லிப் பாருங்கோ. வாரத்துக்கு ரெண்டு மூண்டு நாள், ரெண்டு மூண்டு மாசம். இடத்துக்கு இடம் கொஞ்சம் வித்தியாசப்படும்.

தண்டனை எண்டு சொன்னது சும்மா இல்லை. படையில இருந்தவைக்கு மேலதிகப் பயிற்சி எண்டது பிழை விட்டதுக்குக் கிடைக்கிற சாமான். பிந்தி வந்தா ஓடு, சப்பாத்து மினுங்கேல்லை எண்டா ஓடு. 66 வயசில ‘உங்களுக்குப் பயிற்சி எழுதியிருக்கு’ எண்டு ஒருத்தன் சொல்லேக்க, உடம்பு பழசை நினைக்காமல் என்ன செய்யும்?

இது எங்கட ஊர்ப் பிரச்சினை மட்டும் எண்டும் நினைக்காதேங்கோ. அமெரிக்காவில பழைய படைவீரருக்கெண்டே தனி ஆஸ்பத்திரிகள் இருக்கு. அங்கயும் ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், பைபாஸ் முடிஞ்சு போற வீரர்களில பத்துக்கு ஒராள் அளவுதான் இந்தப் பயிற்சிக்குப் போனதா ஒரு பெரிய கணக்கெடுப்பில தெரிய வந்தது. தூரம், வாகனம், எல்லா ஆஸ்பத்திரியிலயும் இந்தப் பிரிவு இல்லாதது எண்டு காரணம் கன இருக்கு. அதால சான் பிரான்சிஸ்கோவில உள்ள படைவீரர் ஆஸ்பத்திரி என்ன செய்ததெண்டா, நீங்க வரவேண்டாம், நாங்க வாறம் எண்ட மாதிரி வீட்டிலயே நடக்க விட்டு, டெலிபோனில எடுத்து எடுத்துக் கேட்டு, 12 கிழமைத் திட்டமா நடத்தினது. 1,120 பேரைப் பின்தொடர்ந்து 2023இல வந்த ஆய்வில, சேர்ந்த ஆக்களுக்கு மரண ஆபத்து சேராத ஆக்களை விட 36 வீதம் குறைவா இருந்தது. ஆனா சேர்ந்தவை முதலே கொஞ்சம் அக்கறையான ஆக்களா இருந்திருப்பினம், அந்த 36 முழுக்கப் பயிற்சியால வந்தது எண்டு சத்தியம் பண்ண ஏலாது. பாதி உண்மை எண்டாலும் காசில்லாமக் கிடைக்கிற மருந்துக்கு அது கூடத்தான்.

வாப்பாக்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கோ, அவருக்கு ராங்க் முக்கியமா இருக்கும் எண்டு நினைக்கிறன். ஐசன்ஹோவர். ரெண்டாம் உலகப் போரில ஐரோப்பாவில நேச நாட்டுப் படைக்கே தலைமைத் தளபதி, பிறகு அமெரிக்க ஜனாதிபதி. 1955 செப்டம்பரில ஹார்ட் அட்டாக் வந்தது. அந்தக் காலத்தில ஹார்ட் அட்டாக் எண்டா கிழமைக் கணக்கில கட்டில்தான், காலைக் கீழ வைக்க விட மாட்டினம். அவரைப் பாத்த போல் டட்லி வைட் எண்ட டொக்டர் அந்தப் பழக்கத்தில நம்பிக்கை இல்லாதவர், தானே சைக்கிள் ஓடுற ஆள், கதிரையில இருத்தி, கொஞ்சம் கொஞ்சமா நடக்க விட்டு, வேலைக்கும் திரும்ப விட்டவர். அடுத்த வருசமே மனிசன் எலக்ஷன் கேட்டு வெண்டது. 1969 வரைக்கும் இருந்தவர். அப்பிடிப்பட்ட ஜெனரலே டொக்டர் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறார் எண்டா, எங்கட வாப்பாக்கு என்ன மரியாதைக் குறைவு?

சரி, கூட்டிப் போறது எப்பிடி? நீங்க சொல்லாதேங்கோ. கோவிக்காதேங்கோ மகள், பிள்ளைகள் சொன்னா அது கெஞ்சல், வாப்பாமார் கேக்க மாட்டினம். கிளினிக்கில பெரிய டொக்டரே நேர முகத்தைப் பாத்து “நீங்க கட்டாயம் போகவேணும்” எண்டு சொல்லவேணும். டொக்டர் எவ்வளவு அழுத்திச் சொல்லுறாரோ அவ்வளவுக்கு ஆக்கள் போகினம் எண்டு கன ஆய்வில வந்திருக்கு, படையில இருந்தவைக்கு அது இன்னும் பொருந்தும் எண்டுதான் என்ர அனுபவம். அடுத்த கிளினிக்குக்கு முதல் நீங்க டொக்டரிட்ட அல்லது மிஸ்ஸியிட்ட (நர்ஸிட்ட) தனியாப் போய் விசயத்தைக் காதில போட்டு வையுங்கோ.

ரெண்டாவது, கையில ஒரு பொறுப்பைக் குடுங்கோ. எங்கட வார்டில ஒரு ரிட்டயர் சார்ஜன்ட் இருந்தவர், ஓடையில நாலு அடி நடக்கச் சொன்னாப் பிசியோ மிஸ்ஸை முறைச்சுப் பாப்பார். ஒரு நாள் அவ தன்ர கைமணிக்கூட்டைக் கழட்டிக் குடுத்து, “ஐயா, பக்கத்துக் கட்டில் ஐயா நடக்கிறார், நீங்க நேரம் பாத்துச் சொல்லுங்கோ” எண்டிட்டா. நேரம் பாக்கிறதெண்டா அவருக்குப் பக்கத்திலயே நடக்கவும் வேணும்தானே! மூண்டு நாளில ரெண்டு பேரும் ஓடை முழுக்க நடந்தவை, பக்கத்துக் கட்டில்காரரை அவர் ஏசின ஏச்சுத்தான் எங்களால கேக்க ஏலாமல் இருந்தது. அதால வாப்பாட பழைய நேவிக் கூட்டாளி ஆராவது பக்கத்தில இருந்தாப் பிடியுங்கோ, அவருக்கும் பிரஷரோ சுகரோ இருக்கும், இல்லாமலா? ஒரு கொப்பி வாங்கிக் குடுங்கோ, திகதி, நேரம், பிரஷர், எத்தினை நிமிசம், எத்தினையாம் இலக்கம் எண்டு கோடு போட்டு எழுதட்டும். கப்பல்ல லொக் புத்தகம் எழுதின கை அது.

கொழும்புக்கு வாரத்துக்கு மூண்டு தரம் போய்வர ஏலாது, அது விளங்குது. இங்கத்தைக் கிளினிக்கில காட்டி, பிசியோதெரபிக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. அங்க ஒருக்கா ரெண்டு தரம் போய் அளவைத் தெரிஞ்சுகொண்டு மற்ற நாளில ஊரிலயே நடக்கலாம், டொக்டர் ஓம் எண்டாப் பிறகு. உங்களுக்குத்தான் பாலம் இருக்கே! கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், அளந்து வச்ச மாதிரி. பாதை எண்ட படகில ஏறிக் கடந்த காலம் வாப்பாக்கு ஞாபகம் இருக்கும், இப்ப காலாலயே கடக்கட்டும். முதல் கிழமை பாலத்துக்குக் கிட்ட தட்டையான இடத்தில அஞ்சு நிமிசம், பிறகு ரெண்டு மூண்டு நிமிசமாக் கூட்டிக்கொண்டு போகலாம். நடக்கேக்க கதைக்க ஏலவேணும், ஆனாப் பாட்டுப் பாட ஏலாத அளவு மூச்சு வாங்கவேணும், அதுதான் சரியான வேகம். நாடியை எண்ணிப் பாத்து வேகம் பிடிக்கப் போகாதேங்கோ, ஹார்ட் அட்டாக் வந்த கன பேருக்கு நாடியைக் குறைக்கிற குளிசை குடுத்திருப்பினம், எண்ணிக்கை ஏமாத்தும்.

நெஞ்சு இறுகினா, தாடைக்கோ இடது கைக்கோ நோ போனா, வேர்த்துத் தலை சுத்தினா, அந்த இடத்திலயே இருக்கவேணும். நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை தந்திருந்தா ஒண்டு வைக்கட்டும், அஞ்சு நிமிசத்தில விடேல்லை எண்டா 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ. வீடு எட்டத்தானே, நடந்து போய்ப் படுப்பம் எண்டு நினைக்கக்கூடாது. மற்றது, ஸ்டென்டுக்குத் தந்த ரத்தம் கட்டியாகாமல் இருக்கிற குளிசையை டொக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிப்பாட்டக்கூடாது, நோன்பு வந்தாலும் நேரத்தை எப்பிடி மாத்திறது எண்டு முதலே கேட்டு வையுங்கோ.

இரவில கை வைக்கிறது ரெண்டு மூண்டு கிழமையில குறையேல்லை, சாப்பாடும் கதையும் குறைஞ்சு கொண்டு போகுது எண்டா அதையும் டொக்டரிட்டச் சொல்லவேணும். ஹார்ட் அட்டாக் வந்தவையில அஞ்சில ஒராளுக்கு மனச்சோர்வு வாறது. அதுக்கும் மருந்து இருக்கு, கதைக்க ஆக்களும் இருக்கினம்.

கேள்வி: எங்கட அவர் பொலிசில இருந்து ரிட்டயர் ஆனவர், பைபாஸ் செய்து அஞ்சு மாசம். பயிற்சிக்குப் போறார், வீட்டிலயும் நடக்கச் சொல்லியிருக்கினம். பத்து மணிக்குச் சாப்பிட்டுப்போட்டு டச் பே கடற்கரையில நடக்கிறார். சரியா? – உப்புவெளி

பதில்: பத்து மணிக்கா! எங்கட ஊரில கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில பத்து மணிக்கு மணலில கால் வைக்கிறதே தண்டனை. பிரஷர் குளிசையும் சலம் போகிற குளிசையும் போடுற ஆளுக்கு வெயிலில தண்ணி வத்தினா டக்கெண்டு பிரஷர் விழும். காலமை ஆறு மணிக்கு, அல்லது அஞ்சு மணிக்குப் பிறகு பின்னேரம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும். மெத்து மணலில நடக்கிறதும் இதயத்துக்கு இரட்டை வேலை, ரோட்டோரம் நடக்கட்டும். கோணேசர் கோயில் ஏத்தம் இப்ப வேண்டாம், கோட்டை வாசலில மான் நிக்கிற தட்டை இடம் வரைக்கும் போய்த் திரும்பலாம், ஏத்தத்துக்குப் பயிற்சிக்காரர் ஓம் எண்டு சொல்லட்டும்.

கேள்வி: பேர், ஊர் போடவேண்டாம். எனக்கு 58, முந்தி ஆமியில இருந்தனான். ஹார்ட் அட்டாக் வந்து ரெண்டு மாசம். மனிசியோட சேர்ந்து இருக்கலாமா எண்டு டொக்டரிட்டக் கேக்க வெட்கமா இருக்கு.

பதில்: இதைக் கேட்டு எழுதாத மாசமே இல்லை, வெட்கப்படாதேங்கோ. நெஞ்சு நோ, மூச்சு வாங்கல் இல்லாமல் ரெண்டு மாடிப் படி விறுவிறெண்டு ஏற ஏலுமெண்டா பொதுவாப் பயம் இல்லை. பயிற்சிக்குப் போனா அந்த அளவைத்தான் அவையும் பாத்துச் சொல்லுவினம், அங்க கேளுங்கோ, டொக்டரை விட லேசு. ஒண்டே ஒண்டு: நாக்குக்குக் கீழ வைக்கிற நைட்ரேட் குளிசையோ ஸ்பிரேயோ பாவிக்கிற ஆள், ஆரோ சொன்னதெண்டு பார்மசியில வயகரா மாதிரி மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் அடியோட விழுந்து உயிருக்கே மோசம்.

கேள்வி: மிஸ், நான் ஆரெண்டு உங்களுக்கு விளங்கும், எழுதேல்லை. எனக்கு 51. இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, பொய்க்கால். முதுகில ரெண்டு ஷெல் பீஸ் இன்னும் இருக்கு. போன வருசம் ஹார்ட் அட்டாக் வந்தது. கிளினிக்கில ஒரு துண்டு தந்தவை, அதில ‘இதயப் புனர்வாழ்வு’ எண்டு எழுதியிருந்தது. நான் வெளிய வந்து அதைக் கிழிச்சுப் போட்டன். திருப்பியும் பேர் பதிஞ்சு, வரிசையில நிண்டு, புனர்வாழ்வு எடுக்க என்னால ஏலாது. – மூதூர்ப் பக்கம்

பதில்: விளங்குது தம்பி. எழுதினவைக்கு அது அகராதியில இருந்து எடுத்த சொல்லு, அவ்வளவுதான். போர் முடிஞ்ச 2009க்குப் பிறகு எங்கட பக்கத்தில அந்தச் சொல்லுக்கு முகாமும் கையெழுத்தும் விசாரணையும்தான் அர்த்தம் எண்டு எழுதின ஆளுக்கு ஓடேல்லை. வெள்ளைக்கார டொக்டர்மார் ‘கார்டியாக் ரிஹாப்’ எண்டு வச்ச பேரைச் சொல்லுக்குச் சொல்லு மாத்திப்போட்டு, ஏன் ஆக்கள் வரேல்லை எண்டு கேக்கிறது எங்கட பிழை. இதயப் பயிற்சி எண்டு எழுதினா என்ன குறைஞ்சு போகும்? இந்தப் பக்கத்தை வாசிக்கிற மிஸ்ஸிமார், டொக்டர்மார் ஆரும் இருந்தா அடுத்த துண்டில அப்பிடி எழுதுங்கோ, எந்த உடுப்புப் போட்டிருந்தவருக்கும் அது பொருந்தும்.

பேர் பதியிறது பற்றி. பிசியோதெரபியில ஒரு கொப்பி இருக்கும், உண்மை. அதில கிளினிக் நம்பர், வயசு, பிரஷர், என்ன பயிற்சி செய்தது, இதுதான் எழுதுவினம். முந்தி என்ன செய்தீங்க எண்டு ஆரும் கேக்கத் தேவையில்லை, கேட்டாலும் சொல்லத் தேவையில்லை. காலைப் பற்றிக் கேப்பினம், அதுவும் பயிற்சிக்காக. ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, மனிசியோ சிநேகிதனோ, முதல் நாள் மட்டுமாவது.

பொய்க்கால் போட்டு நடக்கிறது ரெண்டு காலால நடக்கிறதை விட உடம்புக்குக் கூட வேலை. அதால மற்றவன் நடந்த தூரத்தோட உங்கட தூரத்தை ஒப்பிடவேண்டாம், மூச்சைப் பாருங்கோ, மேல சொன்ன கதைக்கிற கணக்குத்தான் உங்களுக்கும். நடக்கேக்க நோகுது எண்டா கையால சுத்துற சைக்கிள் ஒண்டு இருக்கு, மேசையில வச்சுச் சுத்தலாம், காலே தேவையில்லை. அது இல்லாத இடத்தில கதிரையில இருந்துகொண்டே கை தூக்கிற பயிற்சி சொல்லித் தருவினம். உங்களைப் போல ஆக்களுக்கு நித்திரை குழம்பிறது, சத்தம் கேட்டாத் திடுக்கிடுறது எல்லாம் கூட இருக்கும், அதுவும் இதயத்தைத் தேய்க்கிற விசயம், ஏலுமெண்டா அதையும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, ஏலாட்டி இப்பத்தைக்கு விடுங்கோ.

முதுகில இருக்கிற பீஸாலப் பயிற்சிக்குத் தடை இல்லை. ஈசிஜி, எக்கோ, அஞ்சியோகிராம் எதுக்கும் தடை இல்லை. எம்ஆர்ஐ எண்டு ஆராவது எழுதினா மட்டும் கட்டாயம் சொல்லவேணும், அந்த மெசின் பெரிய காந்தம், உள்ளுக்க இருக்கிற இரும்பை இழுக்கும். என்ன நடந்து வந்தது எண்டு விளக்கத் தேவையில்லை, “உடம்பில இரும்பு இருக்கு” எண்டாப் போதும்.

கிழிச்ச துண்டைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ, கிளினிக் கொப்பியோட போனாத் திருப்பி எழுதித் தருவினம். போற நாள் களிசான் காலைச் சுருட்ட ஏலுமான லூசான உடுப்பாப் போடுங்கோ, பொய்க்காலுக்குள்ள போடுற சொக்ஸ் ரெண்டு சோடி கொண்டு போங்கோ, வேர்த்தா மாத்தவேணும். வந்தாப் பிறகு வெட்டின காலிட கட்டையில சிவப்போ கொப்புளமோ இருக்கா எண்டு கண்ணாடி வச்சுப் பாருங்கோ, சுகரும் இருக்கெண்டா இதை ஒரு நாளும் விடாதேங்கோ. எங்க போறதெண்டு தெரியாட்டி இந்தப் பக்கத்துக்கே இன்னொருக்கா எழுதுங்கோ, பேர் வேண்டாம், ‘மூதூர்ப் பக்கம்’ எண்டு போட்டா நான் கண்டுபிடிப்பன்.